குத்தூசியில் ஆரம்பியுங்கள்: அரசு வங்கியையும் அரசு கம்பெனியையும் சீர்திருத்தும் வரிசை

தம்பி மகள் ரிசர்வ் வங்கி அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்தவள், காபி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "அத்தை, மாறிக்கிட்டு இருக்கிற பொருளாதாரத்துல அரசு பேங்கையும் அரசு கம்பெனியையும் எப்படிச் சீர்திருத்தறது? பெரிய கேள்வியா வருமாம்." நோட்டில் பதினாலு பாயிண்ட் எழுதி வைத்திருந்தாள். மூலதனம் கொடு, தனியாருக்கு விற்றுவிடு, நிர்வாகத்தைச் சீராக்கு, கணினிமயமாக்கு. ஒவ்வொன்றும் சரிதான். எது முதலில், எது அப்புறம் என்பதுதான் இல்லை. தாளிப்பதைக் கடைசியில் சொல்லிவிட்டு அரிசி கழுவுவதை நடுவில் சொல்கிற சமையல் குறிப்பு மாதிரி இருந்தது.

நான் 1982-ல் ஓர் அரசு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 2018-ல் கடன் பிரிவில் சீஃப் மேனேஜராக ஓய்வு பெற்றவள். பாதி சர்வீஸ் சேலம், ஆத்தூர், ஏற்காடு என்று இந்தப் பக்கமே போயிற்று. ஒரு கிளையில் நொடித்துப்போன கணக்கை எந்த வரிசையில் கையாள்வோமோ, ஒரு நாடும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போக வேண்டும். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எண்ண வேண்டும்

தொண்ணூறுகளின் நடுவில், ஆத்தூர் போகிற வழியில் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலை எங்கள் கிளையின் பெரிய சி.சி. கணக்கு, அதாவது இருக்கிற சரக்கின் பேரில் கொடுக்கும் கேஷ் கிரெடிட் கடன். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வந்துவிடும். இத்தனை மூட்டை, மூட்டைக்கு 90 கிலோ, இன்ன விலை என்று அச்சடித்த மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் லிமிட். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். கோடவுன் கதவைத் திறந்தால் கூரை முட்ட அட்டி. முன்வரிசையில் குத்தூசியை (மூட்டையில் குத்திச் சரக்கை எடுத்துப் பார்க்கிற கூர்க்குழாய்) போட்டதும் முத்து முத்தாக ஜவ்வரிசி கொட்டியது. "போதுங்க மேடம், ஒரே தூசி, சேலை வீணாப் போயிரும்" என்றார் கணக்குப்பிள்ளை. என் சேலை மீது அவருக்கு வந்த அக்கறைதான் இடித்தது. ஓர் ஆளை அட்டி மேலே ஏறச் சொல்லி, நாலாவது வரிசையில் குத்தச் சொன்னேன். திப்பி வந்தது. கிழங்கைப் பிழிந்தெடுத்த சக்கை, மாட்டுக்குப் போடுவார்களே, அது. அதற்கும் பின்னால் இரண்டு வரிசைக்கு மூட்டையே இல்லை, பள்ளம்.

ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பினேன். பதில் மார்ச் கடைசி வாரம் போனில் வந்தது. "இப்ப இதை வாராக்கடன்னு காட்டினா நம்ம மார்ச் கணக்கு என்னம்மா ஆகும்?" அதற்கு ஒரு வழியும் சொன்னார்கள். அதே குடும்பத்துக்குத் தம்பி பெயரில் இன்னொரு கம்பெனி இருந்தது. அதற்கு எட்டு லட்சம் புதுக் கடன். மறுநாளே அந்தப் பணம் அண்ணன் கணக்கில் பாக்கி வட்டியாக வரவு. மார்ச் 31 சாயங்காலம் பார்த்தால் இரண்டு கணக்கும் ஆரோக்கியமாக இருந்தன. நம்முடைய பணத்தையே நாம் வட்டியாக வாங்கிக்கொண்டு, லாபம் என்று எழுதியும் வைத்தோம். அந்த வவுச்சரில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இதையே தேசம் முழுக்கப் பெருக்கிக்கொள்ளுங்கள். 1991-ல் நரசிம்மம் குழு அறிக்கை கொடுக்கும்வரை, வராத வட்டியையும் வந்த வருமானமாக எழுதுவது சர்வ சாதாரணம். 1992-93-லிருந்து அது கூடாது என்று விதி வந்தது. விதி வந்தபின் நிஜக் கணக்கு ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தது. நம் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் வங்கி 1995-96-ல் 1,336 கோடி நஷ்டம் காட்டியது. அவ்வளவு பணமும் அந்த ஒரே வருஷத்தில் போனதா என்ன? பல வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த வருஷம்தான் புத்தகத்தில் ஏறியது. 2015-ல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது ரிசர்வ் வங்கியே தன் ஆய்வாளர்களை வைத்து வங்கிகளின் பெரிய கணக்குகளைத் துருவியது. பழைய கதைதான். அரசு வங்கிகளின் மொத்த வாராக்கடன் 2018 மார்ச்சில், கொடுத்த கடனில் 14.6 சதவீதத்துக்கு ஏறி நின்றது.

ஆகவே எண்ணும்போது சிலதைக் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். கடன் கொடுத்தவனே எண்ணக் கூடாது. பெரிய கணக்கில் ஆரம்பிக்க வேண்டும். டிராக்டர் கடனில் ஆரம்பித்தால் ஆயுசு போதாது. ஒவ்வொரு கணக்கிலும், வந்த வட்டி எந்தப் பையிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். சரக்கு விற்ற பணமா, நாமே கொடுத்த இன்னொரு கடனா? அப்புறம் என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று, இலவசமாகத் தருகிறேன்: ஆலையின் மூன்று வருஷ கரண்ட் பில்லைக் கேட்டு வாங்குங்கள். உற்பத்தி இரட்டிப்பாகிவிட்டது என்று பேலன்ஸ் ஷீட் சொல்லும். மீட்டர் அப்படியே நிற்கும். ஆடிட்டர் கையெழுத்தைவிட மீட்டர் யோக்கியம்.

ஒரு நோய், இரண்டு புத்தகம்

வங்கியைத் தனியாகவும் அரசு கம்பெனியைத் தனியாகவும் சீர்திருத்தப் பார்க்கிற நாடுகள் திரும்பத் திரும்ப வழுக்குகின்றன. வங்கியின் புத்தகத்தில் வாராக்கடன் என்று இருப்பது, கம்பெனியின் புத்தகத்தில் நஷ்டம் என்று இருக்கும். பேர்தான் வேறு.

சீனாவைப் பாருங்கள். எண்பதுகளில், அரசு ஆலைகளுக்கு பட்ஜெட்டிலிருந்து சும்மா கொடுத்துவந்த பணத்தை நிறுத்தி, வங்கிக் கடனாகக் கொடுக்கச் சொன்னார்கள். ஆலை மாறவில்லை. அதே பழைய மெஷின், அதே ஆட்கள், அதே விற்காத சரக்கு. அரசு கொடுத்த பணத்தை இப்போது வங்கி கொடுத்தது, திரும்பி வரவில்லை. 1998-ல் நாலு பெரிய வங்கிகளுக்கு 27,000 கோடி யுவான் மூலதனம் போட்டார்கள். 1999-ல் நாலு தனிக் கம்பெனி ஆரம்பித்து, 1.4 லட்சம் கோடி யுவான் வாராக்கடனை அவற்றின் தலையில் முழு விலைக்குக் கட்டினார்கள். அழுகின தக்காளியைப் புதுத் தக்காளி விலைக்கு வாங்கியது போல. அப்போதும் போதவில்லை, 2003 கடைசியில் இரண்டு வங்கிகளுக்கு மறுபடி 4,500 கோடி டாலர். இதில் வேடிக்கை, அந்த நாலு குப்பைக் கம்பெனிகளில் ஒன்றான ஹுவாரோங்தான். பத்து வருஷத்தில் மூடிவிடுவதாகச் சொல்லி ஆரம்பித்தது. மூடவில்லை. தானும் கடன் கொடுக்கக் கிளம்பி, 2020-க்கு மட்டும் 10,000 கோடி யுவானுக்கு மேல் நஷ்டம் காட்டியது. அதன் தலைவராக இருந்தவருக்கு 2021 ஜனவரியில் லஞ்ச வழக்கில் மரண தண்டனையை நிறைவேற்றினார்கள்.

தூரத்து உதாரணம் வேண்டாம் என்றால் மேட்டூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பாருங்கள். அங்கே எரிகிற நிலக்கரிக்கும் நாம் கட்டுகிற மின்கட்டணத்துக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை வங்கிக் கடன்தான் நிரப்பியது. மாநில மின் வாரியங்களின் பாக்கியை ஒரே தடவையில் தீர்க்கிறோம் என்று 2002-ல் ஒரு திட்டம். 2012-ல் இன்னொன்று. 2015-ல் உதய் என்று மூன்றாவது. தமிழ்நாடு அதில் 2017 ஜனவரியில் சேர்ந்தது. 'ஒரே தடவை' மூன்று தடவை வந்தது. ஏழைக்கும் விவசாயிக்கும் மலிவாக மின்சாரம் கொடுப்பது அரசின் முடிவு, எனக்கு அதில் சண்டை இல்லை. அந்தச் செலவு அரசின் பட்ஜெட்டில் மானியம் என்று, முழுத் தொகையாக, உரிய தேதியில் வர வேண்டும். வங்கியின் லெட்ஜரில் 'கடன்' என்று ஒளிந்துகொண்டு வரக் கூடாது.

குழாயை மூடிவிட்டு இறையுங்கள்

எண்ணியாயிற்று. பள்ளம் தெரிந்துவிட்டது. உடனே எல்லோரும் மூலதனம் கொடுக்கத்தான் ஓடுவார்கள். நில்லுங்கள். புதிய கெட்ட கடன் வருகிற வழிதான் குழாய், அதை முதலில் மூட வேண்டும். அடுத்த கெட்ட கடனுக்கு 'முடியாது' என்று சொல்ல ஆள் இருக்கிறாரா, சொன்னால் அவருடைய நாற்காலி மிஞ்சுமா? என்னைக் கேட்டால் முழு விஷயமும் இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

ஹங்கேரி 1992-லிருந்து 1994-க்குள் வங்கிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் போட்டது. இந்தத் தடவை கடைசி என்று யாரும் நம்பவில்லை. நம்பாததால் வங்கிகளும் வசூலில் முனையவில்லை. எப்படியும் அரசு கட்டிவிடும் என்று தெரிந்த நிறுவனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதே ஊர்க்காரர், யானோஷ் கோர்னாய் என்ற பொருளாதார அறிஞர், எழுபதுகளின் கடைசியிலேயே எழுதி வைத்திருந்தார். இளகிய பட்ஜெட் என்று சொல்லலாம். அப்பா கட்டிவிடுவார் என்று தெரிந்த பையன் எந்தக் கடையில் கடன் சொல்ல யோசிப்பான்?

போலந்து 1993-ல் வேறு மாதிரி செய்தது. பணம் கொடுத்தது, ஆனால் நிபந்தனையோடு. ஒவ்வொரு வங்கியும் வாராக்கடனுக்கென்று தனிப் பிரிவு வைக்க வேண்டும். ஒவ்வொரு கெட்ட கணக்குக்கும் கெடுவுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: சமரசமா, திவாலா, விற்பனையா. கடனைக் கொடுத்த வங்கியே அதைத் தீர்க்கவும் கற்றுக்கொண்டது. எனக்குப் பிடித்தது இந்த வழி. நான் வசூல் பிரிவில் இருந்த மூன்று வருஷத்தில் கடன் கொடுப்பதைப் பற்றிக் கற்றது, கடன் பிரிவில் பத்து வருஷம் இருந்து கற்றதைவிட அதிகம்.

நம் ஊரில் மூலதனம் போட்ட வித்தையையும் தெரிந்துகொள்ளுங்கள், தேர்வுக்கு உதவும். 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி என்று அறிவித்தார்களே, அதில் 1.35 லட்சம் கோடி பாண்டுகள். அரசு பாண்டு எழுதி வங்கியிடம் கொடுக்கும். வங்கி டெபாசிட் பணத்திலிருந்து அதை வாங்கும். அந்தப் பணத்தையே அரசு பங்கு மூலதனமாக வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கும். வலது பையில் எடுத்து இடது பையில் போட்ட கணக்கு. தொண்ணூறுகளிலும் இதேதான் செய்தார்கள். ரொக்கம் நகரவில்லை என்பதால் செலவில்லை என்று நினைக்கக் கூடாது. அந்த பாண்டுக்கு வருஷாவருஷம் வட்டி கட்டுவது வரி கட்டுகிறவர்கள்.

குழாயை மூடுவது எப்படி? மேலிடத்துப் போனை நம்பிக் கடன் கொடுக்கக் கூடாது; ஒரு கடனை வங்கி கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசு நினைத்தால் எழுத்தில் உத்தரவு வர வேண்டும், நஷ்டத்தையும் அரசே ஏற்க வேண்டும். தலைவரை மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நியமித்து இழுக்கக் கூடாது. இன்னொன்று, பலரும் மறப்பது: நல்லெண்ணத்தில் கொடுத்துக் கெட்டுப்போன கடனையும் திருட்டுத்தனமாகக் கொடுத்த கடனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. விசாரணை என்று வந்தால் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதைப் பார்த்த பிறகு, என்னோடு இருந்தவர்கள் நல்ல கடனுக்கும் பேனாவைத் திறக்கவில்லை. "கையெழுத்துப் போட்டாத்தானே மாட்டுவோம்" என்பார் ஒருவர். அப்படி மூடுகிற குழாயில் நல்ல தண்ணீரும் நின்றுவிடும்.

வங்கி இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் 27 ஆக இருந்த அரசு வங்கிகள் 2020 ஏப்ரலில் 12. சேலத்தில் இருந்த பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1-ல் பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயிற்று, தலைமையகம் சேலத்திலேயே. இணைப்பால் செலவு குறையலாம், கம்ப்யூட்டர் ஒன்றாகலாம். ஆனால் போன வருஷக் கணக்கோடு ஒப்பிடுவது இரண்டு மூன்று வருஷத்துக்கு முடியாமல் போகும். சீர்திருத்தப் பட்டியலில் அதற்கு நான் கால் மார்க்தான் கொடுப்பேன்.

கம்பெனி எதற்காக இருக்கிறது?

இனி கம்பெனிப் பக்கம். மோகன் நகர் வழியாகப் போகிறவர்கள் அங்கே இருக்கிற அரசின் சேலம் உருக்காலையை ஒரு கட்சிக் கொடி போலத்தான் பார்க்கிறார்கள், ஆதரவு அல்லது எதிர்ப்பு. நான் ஒரு கடன் விண்ணப்பம் போலப் பார்க்கச் சொல்வேன். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை இரும்புக் கல்லை எடுத்து இங்கேயே உருக்குவதுதான் பழைய கனவு. கடைசியில் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது, வெளியிலிருந்து வாங்கிய எவர்சில்வர் சுருளை மெல்லிசாக இழுக்கும் ஆலை. சூடாக இழுக்கும் பகுதி 1995-ல், உருக்கும் பகுதி 2010-ல். சரக்கு தரமானது, 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்று சொல்லித்தான் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கினோம். நாணயத்துக்கு வெட்டும் வில்லைகூட அங்கே ஓடியது. ஆனால் கட்டி முடிக்கும் வரிசை தலைகீழ். கச்சாப் பொருளுக்கு வெளியாரை நம்பி முப்பது வருஷம், அப்புறம் பெரிய முதலீடு, அதன் வட்டியும் தேய்மானமும் தலையில் ஏறும்போது சந்தையில் மலிவான இறக்குமதிச் சரக்கு. இதில் தொழிலாளியின் சோம்பேறித்தனம் எங்கே வந்தது?

எனவே கம்பெனியைச் சீர்திருத்த உட்கார்ந்தால் நஷ்டத்தை நாலாகப் பிரியுங்கள். பழைய முதலீட்டின் வட்டி எவ்வளவு, அரசு சொல்லிச் செய்த வேலையின் செலவு எவ்வளவு, ஊர் நடத்துகிற செலவு (பள்ளி, ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ்) எவ்வளவு, இவையெல்லாம் கழித்த பின் டன்னுக்கு டன் நஷ்டமா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால்தான் அது உண்மையான நோய். மற்ற மூன்றும் யார் கணக்கில் எழுதுவது என்ற தகராறு.

பிரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சேலத்திலேயே உதாரணம் உண்டு. பர்ன் ஸ்டாண்டர்டு என்ற மத்திய அரசு கம்பெனி நலிந்து கிடந்தது. அதற்கு இங்கே வெள்ளைக்கல் சுரங்கமும், அந்தக் கல்லைச் சுட்டு உலைச் செங்கல் செய்யும் பிரிவும் இருந்தன. உருக்காலை உலைக்குள் பதிக்கிற செங்கல் அது. 2011-ல் சேலம் பிரிவை மட்டும் கழற்றி, அந்தச் செங்கல் தேவைப்படுகிற செயில் (உருக்காலைகளை நடத்தும் மத்திய அரசு கம்பெனி) நிறுவனத்திடமே கொடுத்தார்கள். 2018-ல் பர்ன் ஸ்டாண்டர்டை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்தமாகக் காப்பாற்றுவேன் என்று பிடித்துக்கொண்டிருந்தால் செங்கல் பிரிவும் சேர்ந்து முழுகியிருக்கும்.

ஆட்களைக் குறைப்பதாக இருந்தால், கணக்கு முடிக்கும் பணத்தை முதலில் பெட்டியில் வைத்துவிட்டு அப்புறம் அறிவியுங்கள். 2000-01-ல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வு வந்தபோது ஒரு லட்சம் பேர் அளவுக்குப் போனார்கள். போனவர்களில் வெளியில் உடனே வேலை கிடைக்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. எங்கள் கிளையில் அந்நியச் செலாவணி தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார், ஆறு மாதம் திண்டாடினோம். யார் போகலாம் என்று பார்த்துத் திட்டம் போட வேண்டும்.

விற்பது கடைசியில்

விற்கவே கூடாது என்பவள் அல்ல நான். அவசரத்தில் விற்கக் கூடாது என்பவள். செக் நாட்டில் 1992-லிருந்து ஆயிரம் கிரவுன் கட்டிய ஒவ்வொருவருக்கும் கூப்பன் புத்தகம் கொடுத்து அரசு கம்பெனிகளைப் பங்கு போட்டார்கள். ஜனங்கள் கூப்பனை முதலீட்டு நிதிகளிடம் கொடுத்தார்கள். பெரிய நிதிகள் பல, அரசின் பிடியில் இருந்த வங்கிகளுடையவை. ஆக கம்பெனியின் சொந்தக்காரனும் அதற்குக் கடன் கொடுத்தவனும் ஒரே வங்கி; யார் யாரைக் கேள்வி கேட்பது? உள்ளிருந்தே சொத்தை உருவிக்கொண்டு போனதற்கு அவர்கள் மொழியில் சுரங்கம் வெட்டுவது என்றே ஒரு வார்த்தை பிறந்தது. ரஷ்யாவில் 1995-ல் அரசுக்குக் கடன் கொடுத்த வங்கிகள் அடமானமாக வாங்கிய பங்குகளையே அடிமாட்டு விலைக்குத் தமக்கு எடுத்துக்கொண்டன. இங்கே 2001-ல் பால்கோ என்ற மத்திய அரசு அலுமினியக் கம்பெனியின் 51 சதவீதம் 551.5 கோடிக்குப் போனது. அதன் ஆலை இருக்கும் கோர்பாவில் 67 நாள் வேலைநிறுத்தம். சேலம் உருக்காலைக்கு 2019-ல் விருப்பம் கேட்டு அறிவிப்பு வந்தது, மோகன் நகரில் போராட்டம் நடந்தது, விற்பனை நடக்கவில்லை. எண்ணாமல், பிரிக்காமல், கடனைத் தீர்க்காமல் சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க வருகிறவன் நிலத்தைத்தான் பார்ப்பான், ஆலையைப் பார்க்க மாட்டான்.

நீங்களே சரிபார்க்க

எந்த வங்கியின் ஆண்டறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். தலைவரின் உரையைத் தள்ளிவிட்டு, கணக்குக் குறிப்புகள் வருகிற பதினெட்டாம் அட்டவணைக்குப் போங்கள். வாராக்கடன் நகர்வு என்று ஒரு சிறிய பட்டியல் இருக்கும். வருஷத் தொடக்கத்தில் எவ்வளவு, புதிதாக எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு குறைந்தது. குறைந்ததில் வசூல் எவ்வளவு, ரைட்-ஆஃப் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். ரைட்-ஆஃப் என்பது தள்ளுபடி இல்லை. கடன்காரன் இன்னும் கட்டத்தான் வேண்டும், வங்கி தன் புத்தகத்திலிருந்து மட்டும் எடுத்துவிடுகிறது. வாராக்கடன் சதவீதம் குறைந்தது என்று பேப்பரில் வந்தால், வசூலால் குறைந்ததா, புத்தகத்திலிருந்து எடுத்ததால் குறைந்ததா, மொத்தக் கடன் ஊதியதால் சதவீதம் சிறுத்ததா என்று பாருங்கள். அப்புறம் புதிதாகச் சேர்ந்தது என்ற வரி. மூன்று வருஷம் தொடர்ந்து அது சிறுத்துக்கொண்டே வந்தால் குழாய் மூடியிருக்கிறது என்று ஒருவாறு நம்பலாம். என் தம்பி மகள் போனிலேயே ஒரு வங்கியின் அறிக்கையைத் திறந்து அந்த வரியைத் தேடினாள். தேடிக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அந்த ஜவ்வரிசி ஆலைக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அண்ணன் கணக்கும் தம்பி கணக்கும் இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டன. ஒன்பது வருஷம் கழித்து ஒரே தவணையில் முடித்துக்கொள்ளும் சமரசம் போட்டார்கள். அசலில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. கோடவுன் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ஃபைலை மூடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். என்னுடைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அப்படியே இருந்தது. ஓரத்தில் பச்சை மையில் யாரோ 'பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டிருந்தார்கள். மார்ச் 29.